வருணின் மூன்றாவது ஸ்லைடு

அன்புள்ள கௌரி,

பதில் போடாமல் இரண்டு மாதம் ஓட்டிவிட்டேன். திட்ட வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே தவணையில் திட்டிவிடு. முட்டி வலி அப்படியே இருக்கிறது. மாடியில் கத்தரி மட்டும் பிழைத்தது. சுலோ அதே சுலோதான். விசாரிப்பு முடிந்ததா? விஷயத்துக்கு வருகிறேன்.

படைக்காரர்களிடம் காட்டுவதற்காக உன் பையன் வருண் செய்து அனுப்பிய சரக்கு ட்ரோன் ஸ்லைடுகளைப் பார்த்தேன். படம், நிறம் எல்லாம் நன்றாக இருக்கிறது. நம் காலத்தில் பெருமாள் சார் ஓவர்ஹெட் புரொஜெக்டர் தாளில் எச்சில் தொட்டு அழித்ததை நினைத்துக்கொண்டேன். ஆனால் மூன்றாவது ஸ்லைடில் கொட்டை எழுத்தில், "முழுத் தன்னாட்சி, ஆபரேட்டரே வேண்டாம்." அதுவும் கூட்டணிப் படைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் ட்ரோனுக்கு! அந்த ஸ்லைடை அவன் எடுத்துவிட வேண்டும். ஏனென்று போனில் ஆரம்பித்தால் குக்கர் விசில் என்று நீ ஓடிவிடுவாய். அதனால்தான் கடிதம். நீ படிக்காவிட்டாலும் அவன் கையில் கொடு.

இந்த வேலையை ஏற்கெனவே உண்மையான போர்க்களத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்ட் மாகாணத்தில் சாலையெல்லாம் கண்ணிவெடி. தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோகும் லாரி வரிசைதான் எளிதான இலக்கு. அமெரிக்க மரீன்கள் ஆளில்லாத கே-மேக்ஸ் ஹெலிகாப்டர் இரண்டை அங்கே கொண்டுபோனார்கள். கமான் நிறுவனம் காட்டில் வெட்டிய மரத்தைக் கயிற்றில் தூக்குவதற்கென்றே செய்த ஒற்றை இருக்கை ஹெலிகாப்டர் அது. வாலில் விசிறி கிடையாது. தலைக்கு மேல் இரண்டு சுழலிகள், ஒன்றின் இடைவெளியில் மற்றது புகுந்து சுற்றும். அதற்குள் லாக்ஹீட் மார்ட்டின் தானியங்கிக் கட்டுப்பாட்டைப் பொருத்தியது. 2011 டிசம்பர் 17 அன்று டுவயர் முகாமிலிருந்து பெய்ன் என்ற சிறு காவல் நிலைக்கு ஏறக்குறைய 1,600 கிலோ சரக்கை இறக்கியது. 2014 வரை மொத்தம் சுமார் 20 லட்சம் கிலோ சுமந்தது. பெரும்பாலும் இரவில்தான் பறந்தது. கயிற்று நுனியில் நான்கு கொக்கி உள்ள ஒரு வளையம் உண்டு. ஒரே பயணத்தில் நான்கு இடத்தில் இறக்கலாம், நம் தெருப் பால்காரர் மாதிரி.

இதைத்தான் வருண் இரண்டாவது ஸ்லைடில் போட்டிருக்கிறான். 2013 ஜூன் 5 அன்று நடந்ததைப் போடவில்லை.

அன்று இரண்டு ஹெலிகாப்டரில் ஒன்று, கிட்டத்தட்ட 900 கிலோ சரக்கோடு இறங்கும்போது விழுந்தது. யாருக்கும் காயமில்லை. காரணம் எதிரியும் இல்லை, இன்ஜினும் இல்லை. எதிர்காற்று இருக்கும் என்று திட்டம் போட்டிருந்தார்கள், வீசியதோ பின்காற்று. ஹெலிகாப்டரை எதிர்காற்றில்தான் இறக்குவார்கள். பின்காற்றில் தரையோடு ஒப்பிட்ட வேகம் அதேயாக இருந்தாலும் சுழலிக்குக் கிடைக்கும் காற்றோட்டம் குறைந்துவிடும், தாங்கி நிற்கக் கூடுதல் சக்தி வேண்டும். ஹெலிகாப்டரின் உடம்பு தானாகவே காற்றை நோக்கி மூக்கைத் திருப்பப் பார்க்கும், காற்றுத் திசைகாட்டி போல. அது திரும்பத் திரும்ப, கீழே தொங்கும் சுமை ஆட ஆரம்பிக்கும். ஆட்டம் வளர்ந்தால் இயந்திரத்தையே இழுக்கும்.

இங்கேதான் உன் பழைய பகைவன் ஊசல் வருகிறான். (பரீட்சையில் நீ எடையைச் சூத்திரத்துக்குள் நுழைத்ததை நான் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.) 15 மீட்டர் கயிற்றில் தொங்கும் சுமை ஒரு முறை போய்வர ஏறக்குறைய 7.8 விநாடி. 30 மீட்டர் கயிறென்றால் 11 விநாடி. சரக்கு 100 கிலோவா 1,000 கிலோவா என்பதில் பெரிய மாற்றமில்லை. பழகிய பைலட் என்ன செய்வார்? சுமை போகிற பக்கத்துக்கே இயந்திரத்தையும் கொண்டுபோய், அது உச்சியைத் தொடும்போது சரியாக அதன் தலைக்கு மேல் நிற்பார். ஆட்டம் அடங்கிவிடும். கால் சுற்று தாமதமாகச் செய்தால் அடங்காது, ஊஞ்சலை உந்தியது போல ஏறும். 15 மீட்டர் கயிற்றுக்குக் கால் சுற்று என்பது 2 விநாடிதான். செயற்கைக்கோள் வழியே படம் வந்து சேர அரை விநாடியோ ஒன்றோ. திரையைப் பார்க்கிறவர் "என்னமோ சரியில்லை" என்று உணர இன்னொரு விநாடி. கட்டளை திரும்பிப் போக இன்னும் கொஞ்சம். கணக்கைக் கூட்டிப் பார்க்கச் சொல் வருணை. தூரத்திலிருந்து கையால் ஆட்டத்தை அடக்கப் பார்த்தால் பெரும்பாலும் வளர்க்கத்தான் முடியும்.

அப்படியானால் ஆபரேட்டரே வேண்டாம் என்று அவன் சொன்னது சரிதானே என்பான். இல்லை. விசாரணை சொன்னது என்ன தெரியுமா? அந்த இடத்தின் அப்போதைய காற்று விவரம் திட்டத்தில் ஏறியிருந்தாலோ, ஆபரேட்டர் முன்னாலேயே தலையிட்டிருந்தாலோ விபத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று. அதாவது மனிதர் வேண்டியது கடைசி 2 விநாடியில் ஜாய்ஸ்டிக்கைப் பிடிக்க அல்ல. ஐந்து நிமிடம் முன்னால், "காற்று மாறியிருக்கிறது, இன்று இந்தப் பக்கமாக இறங்காதே" என்று சொல்ல. அந்த ஐந்து நிமிடத்து ஆளைத்தான் இவன் ஸ்லைடில் அடித்துவிட்டான்.

கொக்கி அவிழ்வதையும் அவன் ஒரு வரியில் தாண்டிவிட்டான். சுமை தரையைத் தொட்டதும் எடை உணரி சுழியைக் காட்டும், கொக்கி திறக்கும் என்கிறான். மேலே காற்று தூக்கிப் போட்டால் கயிறு ஒரு கணம் தளரும், எடை அப்போதும் குறையும். சரிவில் பெட்டி ஒரு மூலையில் மட்டும் ஊன்றி நின்றாலும் குறையும். எடை எத்தனை விநாடி தொடர்ந்து குறைந்திருக்க வேண்டும், உயரமானி என்ன சொல்ல வேண்டும், இரண்டும் முரண்பட்டால் யார் சொல் எடுபடும்? மூன்றுக்கும் விடை எழுதிவைக்காமல் களத்துக்குப் போகக் கூடாது.

இப்போது "கூட்டணி" என்ற சொல்லுக்கு வருகிறேன். வருண் இதை வெறும் அலங்காரமாகப் போட்டிருக்கிறான், உண்மையில் பாதித் தலைவலி இதில்தான். ஒரு நாட்டு ட்ரோன் இன்னொரு நாட்டுப் படைக்குச் சேவை செய்வதற்கு நேட்டோவில் ஸ்டானாக் 4586 என்ற தரம் உண்டு. ஐந்து படி. முதல் படியில் ட்ரோன் பார்த்தது வேறொருவர் வழியாக உனக்கு வரும். இரண்டில் ட்ரோனிலிருந்தே நேராக வரும். மூன்றில் கேமராவை நீயே திருப்பலாம். நான்கில் பறத்தலையே நீ கட்டுப்படுத்தலாம், ஏற்றுவதும் இறக்குவதும் நீங்கலாக. ஐந்தில் அதுவும் உன் கையில். வருணுடைய ட்ரோன் எந்தப் படியில் நிற்கிறது? ஸ்லைடில் எங்கேயும் இல்லை. ஒரு முகாமிலிருந்து கிளம்பி இன்னொரு நாட்டின் முகாமில் இறங்கும் சரக்கு ட்ரோனுக்கு நான்கோ ஐந்தோ வேண்டும். அதாவது வானத்தில் கை மாற வேண்டும்.

கை மாறும்போது எது தவறிப்போகும் என்று கேள். பெரிய விஷயமெல்லாம் தவறாது. அலைவரிசை, மறையாக்கச் சாவி எல்லாவற்றையும் நாலு தடவை சரிபார்ப்பார்கள். தவறுவது சில்லறை விஷயம்தான். ஒருவர் 31.30 பாகை என்று தசமத்தில் அனுப்புவார், மற்றவர் 31 பாகை 30 நிமிடம் என்று அடித்துக்கொள்வார். வித்தியாசம் 0.2 பாகை. தரையில் 22 கிலோமீட்டர்! ஒருவர் உயரத்தை அடியில் சொல்வார், மற்றவர் மீட்டரில் கேட்பார். அதைவிடக் கள்ளத்தனமானது ஒன்று உண்டு. ஜிபிஎஸ் சொல்லும் உயரம் கணிதப் பூமியின் வழவழப்பான மேற்பரப்பிலிருந்து. வரைபடத்து உயரம் கடல்மட்டத்திலிருந்து. இரண்டும் ஒன்றல்ல, இடத்துக்கு இடம் மாறும். உலகத்திலேயே பெரிய பள்ளம் நம் பக்கம்தான். இலங்கைக்குத் தெற்கே கடலில் இந்த வித்தியாசம் 100 மீட்டரைத் தாண்டும். எந்த உயரம் என்று குறிப்பிடாத ஒரு எண் போதும், ட்ரோன் மலைக்குள் தரையிறங்கப் பார்க்கும். ஆட்டோ பைலட் கொடுத்த எண்ணை அப்படியே நம்பும். கேள்வி கேட்பது மனிதர்தான், அதுவும் தூக்கக் கலக்கம் இல்லாமல் இருந்தால்.

இணைப்பு அறுந்தால்? "வீடு திரும்பும்" என்று எழுதியிருக்கிறான். எந்த வழியாக? போர்க்களத்து வானம் நம் மெரினா வானம் அல்ல. இன்ன நேரத்தில் இன்ன உயரத்தில் பீரங்கிக் குண்டு போகும், இன்ன பாதையில் ஹெலிகாப்டர் போகும் என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருப்பார்கள். ட்ரோன் திரும்பும் பாதையும் அந்த அட்டவணையில் முன்கூட்டியே ஏற வேண்டும். ஏறாவிட்டால் எதிரி தேவையில்லை, நண்பனே சுட்டுவிடுவான். இணைப்பு போனால் முதலில் எத்தனை விநாடி சும்மா பறக்கும், எவ்வளவு உயரம் ஏறிச் சிக்னல் தேடும், எப்போது கைவிடும், வீட்டுக்குப் போக பேட்டரி இல்லையென்றால் எந்த மாற்று இடத்தில் இறங்கும் என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். அந்தத் தாள் கூட்டாளியின் மொழியிலும் இருக்க வேண்டும்.

வீடு எங்கே என்பதே மறந்துபோனால் இன்னும் மோசம். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 20,000 கிலோமீட்டருக்கு மேலே. தரைக்கு வரும்போது அந்தச் சிக்னல் ஒரு முணுமுணுப்புதான். அதை அமுக்க அதே அலைவரிசையில் கொஞ்சம் இரைச்சல் போதும். அமுக்கினால்கூடத் தேவலை, ட்ரோனுக்குக் கண் போனது தெரியும். பொய் சிக்னல் கொடுத்தால் அது தெரியாமலே நம்பும். 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் துறைமுகம் அருகே இருபதுக்கும் மேற்பட்ட கப்பல்களின் கருவிகள், கரையில் ஒரு விமான நிலையத்தில் நிற்பதாகக் காட்டின. கப்பலில் ஜன்னல் வழியே பார்த்துச் சிரிக்க ஒரு மாலுமி இருந்தார். வருணின் ட்ரோனில் யார் இருக்கிறார்?

கேமரா இருக்கிறது, தரையைப் பார்த்து இடம் தெரிந்துகொள்ளும் என்பான். சரி. வயல் வரப்பு, சாலை, வீடு இருக்கும்வரை பிடிமானம் உண்டு. தண்ணீர் மேல், புதுப் பனி மேல், புழுதிக்குள் இல்லை. 2023 இறுதியில் நிப்ரோ ஆற்றின் அந்தக் கரையில் கிரின்கி கிராமத்தில் நின்ற உக்ரைன் வீரர்களுக்கு ட்ரோன்கள் ஆற்றைத் தாண்டித்தான் தண்ணீரும் சாப்பாடும் போட்டன. உக்ரைன் மாதம் சுமார் 10,000 ட்ரோன்களை இழக்கிறது என்று லண்டனின் ரூசி ஆய்வு நிறுவனம் 2023-இல் மதிப்பிட்டது. எல்லா வகையும் சேர்த்த எண்தான், அதில் பெரும்பங்கு இந்த மின்னணுப் போரில். கூட்டாளி நாடுகள் கொடுத்த விலையுயர்ந்த ட்ரோன்களும் இதில் தப்பவில்லை. இப்போது அங்கே மாதத்துக்கு மாதம் மென்பொருளை மாற்றுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை டெண்டர் விடும் பழக்கத்தோடு இதில் இறங்குவது வீண்.

சாதித்ததையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பெரியம்மாவுக்குப் பொறாமை என்பான். 2023 செப்டம்பரில் கார்ன்வால் கரையோரம் பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் விமானந்தாங்கிக் கப்பலில் ஒரு சரக்கு ட்ரோன் வந்து இறங்கி, சரக்கைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனது. 100 கிலோ தூக்கும் வகை. ஒரு சின்ன உதிரிபாகத்துக்காக ஹெலிகாப்டரையும் அதன் ஆட்களையும் அனுப்பும் செலவு மிச்சம். இந்தத் துறையில் அழகான வேலை நிறையவே இருக்கிறது.

கௌரி, ஒன்று மட்டும் தமாஷில்லாமல் கேட்கிறேன். உக்ரைனில் ஆறு சுழலி வைத்த பெரிய ட்ரோன்கள் ஒரு இரவு தண்ணீர் கேன் தூக்குகின்றன, மறு இரவு குண்டு. கொக்கி ஒன்றுதான், அதைத் திறக்கும் மென்பொருளும் ஒன்றுதான். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 3000.09 என்ற ஆணை, 2012-இல் வந்து 2023 ஜனவரியில் புதுப்பிக்கப்பட்டது, ஆயுதத்தைப் பிரயோகிப்பதில் தகுந்த அளவு மனிதத் தீர்ப்பு இருக்க வேண்டும் என்கிறது. எது தகுந்த அளவு என்று அது சொல்லவில்லை. "ஆபரேட்டரே வேண்டாம்" என்று சரக்குக்கு எழுதிய மென்பொருளை நாளைக்கு வேறு எதற்காவது யாராவது வாங்கினால், எழுதிய பையன் பெயர் வருண். நீயும் அவனும் அதைப் பேசியிருக்கிறீர்களா? நான் கேட்டால் பாட்டி மாதிரி இருக்கும். நீ கேள்.

மூன்றாவது ஸ்லைடில் என்ன போடலாம் என்று யோசித்தேன். ஒரே ஒரு அட்டவணை. இடப்பக்கம் கோளாறு: இணைப்பு போச்சு, ஜிபிஎஸ் பொய் சொல்கிறது, காற்று மாறிவிட்டது, சுமை ஆடுகிறது, இறங்குமிடத்தில் ஆள் நிற்கிறார். நடுவில் ட்ரோன் தானாகச் செய்வது. வலப்பக்கம் யார் கையில், எத்தனை விநாடிக்குள். கட்டம் காலியாக இருந்தால் காலியாகவே காட்டட்டும். படைக்காரர்கள் காலிக் கட்டத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள், "வேண்டாம்" என்ற சொல்லைப் பார்த்துத்தான் எழுந்து போவார்கள்.

அவனுக்கு நேரமில்லையென்றால் ஒரே கேள்விக்கு மட்டும் பதில் எழுதச் சொல். 15 மீட்டர் கயிறு, 80 கிலோ சுமை, பின்காற்று, இணைப்பு அறுந்து 7 விநாடி ஆகிறது. அவன் ட்ரோன் இப்போது என்ன செய்கிறது?

கத்தரி விதை கேட்டிருந்தாய். இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன், பார்த்துப் பிரி.

உன்,
வசு