டோன் ஆர்முக்கு முதலில் வேண்டியது காய்ந்த காற்று

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இசைத்தட்டுகள் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், காற்றில் மிதக்கும் பழைய டோன் ஆர்ம் (தட்டின் மேல் ஊசியைத் தாங்கிச் செல்லும் கை) வைத்திருப்பவர்கள் அதற்குக் காற்று ஊதப் பெரிய பம்ப் மாட்டினாலே ஒலி தெளிந்துவிடும் என்று போகிறபோக்கில் ஒரு வரி இருந்தது. அதை நம்பிக் காசு செலவழித்தால், கடலோர ஊர்களில் ஆர்முக்குள் தண்ணீர்தான் போய்ச் சேரும்.

அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் டல்லஹாசியில் புரூஸ் திக்பென் வடிவமைத்து 1980களில் வந்த எமினென்ட் டெக்னாலஜி ஈ.டி.-2 ஆர்மை எடுத்துக்கொள்வோம். உருளைக் கூடு ஒன்றுக்குள் ஆர்மைச் சுமக்கும் தண்டு, நுண்துளைகள் வழியே வரும் காற்றுப் படலத்தில் மிதந்தபடி நேர்கோட்டில் நகரும். முதலில் சுமார் 3 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அழுத்தத்தில் ஓடியது. பிறகு பலரும் அழுத்தத்தைக் கூட்டினார்கள். கூட்டினால் படலம் விறைப்பாகும், பாஸ் எனும் தாழ்ந்த ஒலி இறுகும் என்பது உண்மை. ஆனால் கையில் இருக்கும் கூடு எந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்று பார்த்த பிறகே கூட்ட வேண்டும்.

இனி ஈரக் கணக்கு. வெளியே ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 3 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தும்போது காற்று 1.2 மடங்கு செறிகிறது. சூடு ஆறியதும் ஈரப்பதம் 96, தப்பித்தோம். 15 பி.எஸ்.ஐ. என்றால் இரு மடங்கு, கணக்குப்படி 160. நூறுக்கு மேல் காற்றில் நிற்காது. மிச்சம் துளிகளாகி டியூபிலும் கூட்டின் நுண்துளைகளிலும் இறங்கும். துளை அடைத்தால் தண்டு ஒரு பக்கம் உரசும், ஊசி பள்ளத்தின் ஒரு சுவரை மட்டும் அழுத்தும், ஒரு சேனல் கரகரக்கும். பழி ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜ் மேல் விழும்.

இதற்கு வழி, தேவைக்கு மேல் அழுத்திப் பிறகு குறைப்பது. ஆயில் ஃப்ரீ கம்ப்ரசரால் இரும்பு டாங்கில் 30 பி.எஸ்.ஐ. ஏற்றுங்கள். நீர் அங்கேயே பிரிந்து அடியில் தங்கும், குழாயைத் திறந்து வடித்துவிடலாம். டாங்குக்கு அடுத்து ஃபில்டர், அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர். அங்கே 10 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் ஆர்முக்குப் போகும் காற்றின் ஈரப்பதம் 55 அளவில் நிற்கும். எண்ணெய் ஊற்றும் கம்ப்ரசர் கூடவே கூடாது. எண்ணெய்ப் புகை நுண்துளைகளில் பிசினாகப் படியும். பி.வி.சி. பைப்பை டாங்காக்குவதும் வேண்டாம், வெடித்தால் சில்லுகள் பறக்கும்.

டாங்கால் இன்னொரு லாபம் உண்டு. மீன் தொட்டிப் பம்ப் வகை மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸுக்கே துடிக்கும், டாங்க் அதைத் தணிக்கும். தணியாத துடிப்பு ஊசி வரை வந்து ஹம் எனும் ஓயாத ரீங்காரம் ஆகும். அதை எர்த் கோளாறு என்று நினைத்து ஒயரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் நிறைய. சோதிப்பது சுலபம். தட்டைச் சுழல விடாமல் ஊசியை அதன் மேல் வைத்து வால்யூமை மெல்ல ஏற்றுங்கள். பம்பை மட்டும் அணையுங்கள். டாங்கில் மிச்சமிருக்கும் காற்று ஆர்மைச் சிறிது நேரம் மிதக்க வைக்கும். அப்போது ஹம் நின்றால் குற்றவாளி பம்ப். நிற்காவிட்டால் எர்த்தைப் பாருங்கள்.

மட்டத்துக்கு ரசமட்டத்தை விட ஆர்மே நல்ல சாட்சி. ஊசியின் அழுத்தத்தைப் பூஜ்யமாக்கி ஆர்மை மிதக்க விட்டு, வெளி ஓரம், நடு, உள் ஓரம் என மூன்று இடங்களில் கையை எடுங்கள். எங்கே விட்டாலும் ஒரே திசையில் ஓடினால் மட்டம் தவறியிருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்துக்கே திரும்பினால் கார்ட்ரிட்ஜிலிருந்து வரும் ஒயர் ஸ்பிரிங் போல இழுக்கிறது. நான்கு மெல்லிய இழைகளையும் முறுக்காமல் தளர்ந்த வளையமாகத் தொங்க விடுங்கள். தண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த, நார் உதிராத துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள், எண்ணெய் எதுவும் ஆகாது.

ஊசிப் பக்கத்தைச் சமன் செய்யும் பின்புற எடையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சாதாரண ஆர்ம் சுழல்கிறது. இது எடையோடு சேர்ந்து மொத்தமாகப் பக்கவாட்டில் நகர்கிறது. துளை நடுவில் இல்லாத தட்டில் 1.8 வினாடிக்கு ஒருமுறை அத்தனை நிறையையும் உள்ளும் வெளியும் இழுப்பது ஊசி முனையைத் தாங்கும் மெல்லிய குச்சியான கேன்டிலீவர். அதனால் எடைத் துண்டுகளைக் குறைத்து, இருப்பவற்றைப் பின்னுக்குத் தள்ளிச் சமன் செய்ய வேண்டும். பக்கவாட்டு நிறை குறையும். மேலும் கீழுமான நிறை கொஞ்சம் ஏறும், அது முதலிலேயே சிறியது என்பதால் பாதகமில்லை. எடையைத் தாங்கும் மெல்லிய இலை ஸ்பிரிங்கைப் பசையால் ஒட்டி விறைப்பாக்கிவிடாதீர்கள். ஆர்ம் தன் இயல்பான வேகத்தில் பெரிதாக அதிரும் ஒத்ததிர்வின் முகட்டைப் பிரித்துத் தணிப்பது அதுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகு அழுத்தத்தை 2 பி.எஸ்.ஐ. வீதம் ஏற்றிக் கேட்டால், எங்கே நிறுத்துவது என்று காதே சொல்லும்.

கட்டுரைக்குத் திருத்தம் வெளியிட்டால் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்: அணைக்கும்போது முதலில் ஊசியைத் தூக்கி, ஆர்மை அதன் தாங்கியில் வைத்து, கடைசியில்தான் காற்றை நிறுத்த வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை