கடிகாரத்தைப் பார்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு வலிப்பு நோய் என்று தெரிந்ததிலிருந்து, ராத்திரி முழுக்க அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் என்கிறாய். ஆறு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் இருந்தேன். "தைரியமாக இரு" என்று சொல்லாதவர்களே இல்லை. எப்படி இருப்பது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

என் பயத்தைக் குறைத்தவர் ஒரு நர்ஸ். என் மகனைப் படுக்க வைத்து, வலிப்பு வந்தால் செய்வதுபோல ஒருக்களித்துத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். "இன்னொரு தடவை." பத்துத் தடவையாவது செய்திருப்பேன், இவன் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான். தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வை, கை காலை அமுக்கிப் பிடிக்காதே, வாயில் எதையும் வைக்காதே என்றார். நாக்கை விழுங்கிவிடுவானே என்றேன். யாராலும் நாக்கை விழுங்க முடியாது என்றார். அதற்கு முந்தைய தடவைதான் நான் ஸ்பூனைத் திணித்து இவன் பல்லை உடைத்திருந்தேன். இதை உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அடுத்த முறை வலிப்பு வந்தபோது கை நடுங்கியது, ஆனாலும் தெரிந்த வேலையைச் செய்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு அரை மணி நேரம் போலிருந்தது ஒன்றே முக்கால் நிமிடம்தான். பெரும்பாலும் 2, 3 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தாலோ, அவசர மருந்தும் ஆம்புலன்ஸும் வேண்டும். மூக்கில் அடிக்கும் மிடாசோலமா, வேறு எதுவுமா, எவ்வளவு, எப்போது என்று டாக்டரிடம் எழுதியே வாங்கிவிடு. பள்ளிக்கும் ஒரு நகல் கொடு.

மாத்திரை தவறினாலும் தூக்கம் கெட்டாலும் இவனுக்கு வருகிறது என்பதை நோட்டில் குறித்துவைத்துத்தான் கண்டுபிடித்தேன். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் போனில் வீடியோ எடுக்கச் சொல். நாம் பதறிப்போய்ச் சொல்வதைவிட டாக்டருக்கு அது உதவும்.

அப்புறம், ஓடாதே ஆடாதே என்று அவளைக் கட்டிப்போடாதே. நான் ஒரு வருஷம் அந்தத் தப்பைச் செய்தேன். குளியலறைக் கதவைத் தாழிடக் கூடாது, தண்ணீரில் இறங்கினால் கண்ணெடுக்காமல் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்றதற்கெல்லாம் டாக்டரைக் கேட்டுக்கொண்டு அனுப்பு.

வாரத்தில் மூன்று ராத்திரியை உன் கணவரிடம் கொடு. உனக்கு மட்டுமே செய்யத் தெரியும் என்றிருந்தால் நீ தூங்கவே மாட்டாய். முதலில் அவருக்கும் திருப்பிப் படுக்க வைக்கச் சொல்லிக்கொடு.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். அதற்குள் இருவரும் பத்துத் தடவை திருப்பிப் பார்த்திருங்கள்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி