கத்தரி ஒரு வாரம் பொறுக்கும், பால் பொறுக்காது

அயனாவரம்,
சென்னை.

அன்புள்ள கோமதி,

உன் கடிதம் கிடைத்தது. திவ்யாவுக்குக் காம்பில் ரத்தம், பேரன் ஒரு மணி நேரம் சப்பியும் அழுகை, ஒரு டாக்டர் 'நாக்கு ஒட்டியிருக்கு, நாளைக்கே லேசரில் எடுத்துவிடலாம்' என்கிறார், சம்பந்தியம்மா வசம்பைச் சுட்டுக்கொண்டு நிற்கிறார். நான்கு பக்கமும் நெருக்கினால் நீ என்ன செய்வாய்! போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும். அதனால் எழுதுகிறேன், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்.

முதலில் எடை. பிறந்தபோது 3.1 கிலோ, 9-ஆம் நாள் 2.85 என்று எழுதியிருக்கிறாய். முதல் சில நாளில் 7, 8 சதவீதம் குறைவது சகஜம்தான். ஆனால் 4, 5 நாளுக்குப் பிறகு ஏற ஆரம்பித்து, 10 முதல் 14 நாளுக்குள் பிறந்த எடையைத் தொட வேண்டும். 9-ஆம் நாளிலும் 250 கிராம் பள்ளத்தில் இருக்கிறான் என்றால் வயிற்றுக்குப் பால் போதவில்லை. நாக்கின் அடிச்சவ்வை வெட்டலாமா என்பது அடுத்த கேள்வி. இன்றைக்கே அவன் வயிறு நிறைய வேண்டும், திவ்யாவுக்குப் பால் வற்றாமல் இருக்க வேண்டும். மார்பு முழுதாகக் காலியானால்தான் அடுத்த வேளைக்கு ஊறும். நாக்கு ஒட்டிய பிள்ளை சரியாகக் காலி செய்யாவிட்டால் பால் தானாகக் குறைந்துவிடும். அதற்குப் பிறகு நாக்கை விடுவித்தாலும் குடிக்கப் பால் போதாமல் போகலாம்.

ஏன் இப்படி ஆகிறது என்று கேட்டிருந்தாய். பிள்ளையின் நாக்கு கீழ் ஈறைத் தாண்டி வெளியே வந்து, மார்பை அடியிலிருந்து கிண்ணம் போலத் தாங்க வேண்டும். பிறகு நாக்கின் நடுவும் பின்பகுதியும் கீழே இறங்கும்போது வாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகிறது, பால் வருகிறது. அடிச்சவ்வு குட்டையாக இருந்தால் நாக்கு ஈறுக்குப் பின்னாலேயே இழுத்துக்கொள்ளும், ஈறு காம்பை மெல்லும். பிடி நழுவும்போதெல்லாம் 'டக் டக்' என்று சத்தம் வரும், கடைவாயில் பால் வழியும். வாயிலிருந்து எடுத்த நொடியில் காம்பைப் பார்க்கச் சொல். உருண்டையாக இல்லாமல் புது லிப்ஸ்டிக் முனை போல ஒரு பக்கம் சாய்ந்து, நுனி வெளுத்திருந்தால் அது நசுங்கிய காம்பு.

நீயே ஒரு சோதனை செய்யலாம். நகத்தை ஒட்ட வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, சுண்டுவிரலின் சதைப்பக்கம் மேலே இருக்கும்படி பேரன் வாயில் வை. அண்ணத்தைத் தொட்டதும் சப்புவான். நாக்கு விரலுக்கு அடியில் வந்து சுற்றிக்கொண்டால் நல்லது. நாக்கே தட்டுப்படாமல் கீழ் ஈறு மட்டும் விரலை நறுக் நறுக்கென்று கடித்தால் ஒட்டு வேலையைக் கெடுக்கிறது என்று பொருள். அழும்போது பார்: நாக்கு வாயின் பாதி உயரத்துக்காவது எழும்புகிறதா, நுனி இதயம் போலப் பிளந்து தெரிகிறதா? சவ்வு கண்ணுக்குத் தெரிவதாலேயே வெட்ட வேண்டும் என்றில்லை. அது எல்லாருக்கும் இருப்பதுதான். மேலுதட்டுச் சவ்வையும் சேர்த்து வெட்டலாம் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வா.

இனி பிடி. பாதிப் பிரச்சினை இதிலேயே தீரும். திவ்யா நிமிர்ந்து உட்கார்ந்து குனிய வேண்டாம். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துப் பாதி சாயட்டும், பிள்ளையை வயிற்றோடு வயிறாக மேலே போட்டுக்கொள்ளட்டும். அந்தச் சாய்வில் நாக்கு தானாக முன்னே விழும். காம்பை வாய்க்கு நேரே நீட்டக்கூடாது, மூக்குக்கு நேரே வைக்க வேண்டும். மேலுதட்டில் உரசினால் அண்ணாந்து வாயைத் திறப்பான். கொட்டாவி விடுகிற அளவு திறக்கும்வரை பொறுத்து, அந்த நொடியில் மோவாய் முதலில் மார்பில் பதியும்படி தோளோடு அணைக்க வேண்டும். தலையைப் பிடித்து அழுத்தினால் திமிறுவான். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி வாய்க்குள் அதிகமாகவும் மேல்பகுதி குறைவாகவும் போனால் பிடி சரி. முதல் அரை நிமிடத்துக்குப் பிறகும் அவளுக்கு வலியில் உயிர் போகிறதென்றால் சுண்டுவிரலைக் கடைவாயில் விட்டுப் பிடியை எடுத்துவிட்டு மறுபடி முயலட்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டாம். சப்புவது மந்தமானால் கருவட்டத்துக்கு வெகு தள்ளி மார்பைக் கையால் அழுத்திப் பிடிக்கட்டும், விழுங்குவது கேட்கும்.

மொத்தம் 30 நிமிடத்துக்கு மேல் மார்பில் தொங்க விடாதே, அவன் களைத்துப்போவான். பிறகு பீய்ச்சிய பாலை நீ பாலாடையில் கொடு. அதே நேரம் திவ்யா இரண்டு பக்கமும் 10, 15 நிமிடம் கையாலோ பம்பாலோ எடுக்கட்டும். 24 மணி நேரத்தில் 8 தடவை, அதில் ஒன்று நடு இரவுக்குப் பின். அளவு? கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மி.லி. என்று வைத்தால் இவனுக்குச் சுமார் 430, வேளைக்கு 50 முதல் 55. மார்பிலும் கொஞ்சம் குடிப்பதால் 20, 30-ல் தொடங்கு, பசி தீராவிட்டால் கூட்டு. தாய்ப்பால் போதவில்லையென்றால் டாக்டரிடம் கேட்டுப் பவுடர் பால் சேர்ப்பதில் குற்றமில்லை. சர்க்கரைத் தண்ணீர் மட்டும் வேண்டாம், வயிற்றை நிரப்பும், எடையை ஏற்றாது.

பாலாடையைக் கழுவி 10 நிமிடம் கொதிக்க வை. பிள்ளையை மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழ் உதட்டின் ஓரத்தில் தொட்டாற்போல் வை. ஊற்றாதே, அவனே நக்கி இழுக்கட்டும், விழுங்கியதும் அடுத்த சொட்டு. பீய்ச்சிய பாலைச் சென்னை வெக்கையில் வெளியே வைக்காதே, உடனே ஃப்ரிட்ஜில் உள்பக்கம். 4 நாள் தாங்கும் என்பார்கள். நிமிடத்துக்கு ஒரு தரம் கதவைத் திறக்கிற நம் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு ஒரு நாள் கணக்குப் போதும். சுடுதண்ணீரில் பாத்திரத்தை வைத்துச் சூடாக்கு, மைக்ரோவேவ் ஆகாது.

இவ்வளவும் செய்து ஐந்தாறு நாளில் வலியும் எடையும் மாறவில்லை, விரல் சோதனையிலும் ஈறுதான் கடிக்கிறது என்றால் வெட்டுவது சரி. துணியில் சுற்றி, தலையை ஒருவர் பிடிக்க, நாக்கைத் தூக்கி முனை மழுங்கிய கத்தரியால் ஒரு நறுக்கு. சில நொடி வேலை. இரண்டு மூன்று சொட்டு ரத்தம் வரும், உடனே மார்பில் போட்டால் நின்றுவிடும். லேசருக்குத் தனி மகிமை கிடையாது, பில்தான் பெரிது. பிறந்தபோது வைட்டமின் கே ஊசி போட்டார்களா, குடும்பத்தில் யாருக்காவது ரத்தம் நிற்காத கோளாறு உண்டா என்று டாக்டர் கேட்கிறாரா பார். கேட்காவிட்டால் நீயே சொல். மறுநாள் நாக்கடியில் மஞ்சள் கலந்த வெள்ளைத் திட்டு தெரியும், அது சீழ் இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் மறைந்துவிடும். புண்ணை விரலால் தேய்த்து நீவும் பயிற்சி வேண்டாமென்று அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2024-ல் சொல்லிவிட்டது. குளிப்பாட்ட வருகிற அம்மாவிடமும் கண்டிப்பாகச் சொல்: வாயில் விரல் விட்டுக் கோழை எடுக்கிற வேலையே கூடாது.

வெட்டிய அன்றே எல்லாம் சரியாகிவிடும் என்று திவ்யாவுக்கு ஆசை காட்டாதே. 2017-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 5 சோதனைகளில் 302 பிள்ளைகளைப் பார்த்தது. தாயின் வலி கொஞ்ச நாளுக்குக் குறைகிறது, பிள்ளை குடிப்பதில் எல்லாச் சோதனையிலும் ஒரே மாதிரி முன்னேற்றம் தெரியவில்லை. பழைய பழக்கத்தை நாக்கு மறக்க நாளாகும். அதுவரை பீய்ச்சுவதை நிறுத்த வேண்டாம். 'பின்னால் பேச்சு வராது' என்று பயமுறுத்தி இப்போதே வெட்டச் சொல்வதும் சரியில்லை. சம்பந்தியம்மாவிடம் பக்குவமாகச் சொல், வசம்பை மணிக்கட்டில் கட்டிக்கொள்ளட்டும், நாக்கில் தடவ வேண்டாம். அது சவ்வையும் நீட்டாது, பிள்ளைக்கு வாந்தியும் வரலாம்.

ஒரு நாளைக்கு 6 துணிக்குக் குறைவாக ஈரமானால், எழுப்பியும் குடிக்காமல் துவண்டால், கண் மஞ்சளானால் பொழுது விடியக் காத்திருக்காதே, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கு ஆட்டோ பிடி. திவ்யாவுக்குக் குளிர்ஜுரத்தோடு மார்பில் சிவந்த கட்டி வந்தால் அவளையும் டாக்டரிடம் காட்டு, ஆனால் பால் எடுப்பதை நிறுத்தாதே. பத்தியம் என்று வெறும் ரசச்சோறு போடுவதை விட்டுவிட்டு அவளுக்கு வயிறு நிறையச் சாப்பாடும் கேட்கும்போதெல்லாம் தண்ணீரும் கொடு.

வியாழக்கிழமை காலையில் அதே தராசில், துணி இல்லாமல் எடை போடு. அந்த எண்ணை மட்டும் எனக்கு அனுப்பு. இன்றிலிருந்து நாளொன்றுக்கு 20 கிராமாவது ஏறியிருக்கிறதா பார்ப்போம்.

உன்
விஜயா