சேலைக்கு ஆள் தேடுவதும் ஒரு தொழில்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தீபாவளி நெருங்கிவிட்டால் கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ், மஸ்ஜிட் இந்தியா, லெபோ அம்பாங், கிள்ளான் தெங்கு கிளானா சாலை என்று எல்லாக் கடைகளும் புதுச் சேலைப் படங்களை வெளியிடத் தொடங்கும். சரக்கு எடுக்க மாதக்கணக்கில் அலைகிற கடைக்காரர்கள், அதை உடுத்தி நிற்கப் போகிற பெண்ணை மட்டும் இன்ஸ்டாகிராமில் பார்த்து அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள். படம் எடுபடாவிட்டால் பழி புகைப்படக்காரர் மேல் விழுகிறது. பல நேரங்களில் தப்பு அதற்கும் முன்பே, ஆள் தேர்விலேயே நடந்து முடிந்திருக்கும். அந்தத் தேர்வைச் செய்வதற்கென்றே காஸ்டிங் டைரக்டர் என்றொரு தொழில் இருக்கிறது. நம் பிள்ளைகளால் அதை நன்றாகவே செய்ய முடியும். கடைக்காரர்களுக்கும் பெற்றோருக்கும் இது தெரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறோம்.

உயரத்தையே எடுத்துக்கொள்வோம். மேடையில் நடக்கும் பெண் மாடல்கள் வழக்கமாக 175 செ.மீ.க்குக் குறையமாட்டார்கள். கவுனுக்கு அந்த உயரம் அழகு. பட்டுச் சேலையின் அகலமோ பெரும்பாலும் 115 முதல் 120 செ.மீ. வரைதான். 178 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குத் தொப்புளிலிருந்து தரை வரை ஏறக்குறைய 107 செ.மீ. வரும். நான்கு அங்குலக் குதிகால் செருப்பைப் போட்டால் 117 ஆகிவிடும். இடுப்பில் செருகுவதற்கே ஐந்தாறு செ.மீ. போகும். ஆக, தொப்புளுக்கு நேரே கட்டினால் இரண்டு முதல் எட்டு செ.மீ. குறையும், பாதமும் செருப்பும் வெளியே தெரியும். புகைப்படக்காரர் வேறு வழியில்லாமல் முழங்காலோடு படத்தை வெட்டுவார். கடைக்காரர் விற்க நினைத்த பார்டர் அதோடு போயிற்று. 165 செ.மீ. பெண்ணுக்கு இரண்டரை அங்குலச் செருப்போடு அதே சேலை தரையைத் தொட்டு நிற்கும். வெளிநாட்டு அளவுகோலை அப்படியே எடுத்து வந்து சேலைக்கு ஆள் தேடக் கூடாது என்பது இதனால்தான்.

நேரில் பார்க்கும்போது எடுக்கும் படத்தை அந்தக் காலத்து உடனடிப் படக் கேமராவின் பெயரால் இன்னமும் போலராய்டு என்றுதான் சொல்கிறோம், எடுப்பதென்னவோ கைப்பேசியில்தான். வெறும் சுவர், ஜன்னல் வெளிச்சம், பின்னுக்கு இழுத்துக் கட்டிய முடி, ஒப்பனையும் ஃபில்டரும் இல்லாத முகம். நேராக ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, முழு உருவம் முன்னும் பின்னும். உயரத்தை வெறுங்காலோடு சுவரில் நிறுத்தி நாமே அளக்க வேண்டும். மாடல்களை அனுப்பி வைக்கும் ஏஜென்சி தரும் காம்ப் கார்டில், அதாவது படமும் அளவுகளும் உள்ள அட்டையில், இரண்டு மூன்று செ.மீ. கூட்டிப் போட்டிருப்பது புதிதல்ல. நகை விளம்பரம் என்றால் காதையும் கையையும் கிட்டத்தில் எடுக்க வேண்டும். கனமான ஜிமிக்கி போட்டுப் போட்டு காது ஓட்டை நீண்டிருந்தால் தோடு முன்னால் சாய்ந்து தொங்கும். மூக்கு குத்தியிருக்கிறதா, எந்தப் பக்கம், கழுத்திலோ இடுப்பிலோ பச்சை குத்தியிருக்கிறதா என்பதையெல்லாம் அப்போதே குறித்துக்கொண்டால்தான் உண்டு. ரவிக்கை அளவும் அன்றைக்கே எடுக்கப்பட வேண்டும். உள்தையலில் ஒன்றரை அங்குலம் விட்டுத் தைக்கச் சொன்னால், கடைசி நேரத்தில் ஆள் மாறினாலும் பிரித்துச் சரி செய்யலாம்.

நிறத்தைப் பற்றி வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். கறுப்பான பெண்ணின் படத்தைக் காட்டினால், "படத்தில் எடுபடாதுங்க" என்று ஒதுக்கும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். எடுபடாமல் போவதற்குக் காரணம் அந்தப் பெண் இல்லை. ஒப்பனைப் பெட்டியில் அந்த நிறத்துக்கான ஃபவுண்டேஷன் இல்லாமல், இரண்டு படி வெளுப்பானதைப் பூசிவிடுகிறார்கள். முகம் சாம்பல் பூத்துக் கழுத்தோடு ஒட்டாமல் நிற்கிறது. தேர்வு முடிந்ததும் போலராய்டைப் படப்பிடிப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்பே ஒப்பனைக் கலைஞருக்கு அனுப்பி, அந்த நிறம் கைவசம் இருக்கிறதா என்று உறுதி செய்வது காஸ்டிங் செய்பவரின் வேலை. சேலை வாங்க வரும் அக்காமார்களில் பாதிப் பேர் அந்த நிறம்தானே? அவர்கள் தங்களையே அந்தப் படத்தில் பார்க்க வேண்டாமா?

ஆளைப் பிடித்துப்போனால் மட்டும் போதாது, பிடித்து வைக்கவும் தெரிய வேண்டும். ஏஜென்சியிடம் முதலில் கேட்பது ஆப்ஷன், அதாவது அந்த நாளுக்கு மாடலைத் தற்காலிகமாக நமக்கென்று ஒதுக்கி வைப்பது. முதல் ஆப்ஷன் நம்முடையது என்றால், அதே நாளுக்கு வேறொருவர் அந்த மாடலை உறுதியாகக் கேட்கும்போது, ஏஜென்சி நம்மைக் கூப்பிட்டு "எடுக்கிறீர்களா, விடுகிறீர்களா?" என்று கேட்கும். அதற்குள் கடைக்காரரிடம் பதில் வாங்கி வைத்திருக்காவிட்டால் ஆள் கைநழுவிப் போவார். உறுதி செய்த பிறகு ரத்து செய்தால் பணம் கட்ட வேண்டியிருக்கும். வேண்டாதவர்களை உடனே விடுவிப்பதும் முக்கியம். பதில் சொல்லாமல் இழுத்தடித்தால், அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் கிடைக்க வேண்டிய ஒரு நாள் கூலி போய்விடும். படம் எங்கே, எத்தனை மாதத்துக்குப் பயன்படும் என்பதையும் அப்போதே எழுத வேண்டும். மூன்று மாதம் முகநூலுக்கு என்று பேசிய படத்தை நெடுஞ்சாலைப் பலகையில் ஏற்றினால் அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

மேடை நிகழ்ச்சிக்குக் கணக்கு இன்னும் கறாரானது. 30 உடைகளுக்குப் பத்து மாடல் போதும் என்று செலவைக் குறைப்பார்கள். அரை நிமிடத்துக்கு ஒருவர் வெளியே வந்தால், ஒரே பெண்ணின் முறை ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் வரும். அதில் நடைக்கு ஒரு நிமிடம். அடுத்த முறைக்கு வரிசையில் வந்து நிற்க இன்னொரு நிமிடம். மீதி மூன்று நிமிடம். முறையாகச் சேலை கட்டிப் பின் குத்த 15 நிமிடமாவது வேண்டும். ஒன்று, மடிப்பு வைத்து முன்கூட்டியே தைத்த சேலையாக இருக்க வேண்டும். இல்லையென்றால், சேலைக்கென்று தனி ஆட்களை எடுத்து ஒருவருக்கு ஒரே உடை என்று நிறுத்த வேண்டும். இந்தக் கணக்கைப் போடாத நிகழ்ச்சிகளில்தான் நடுவில் மேடை காலியாகக் கிடந்து, அறிவிப்பாளர் எதையாவது பேசிச் சமாளிக்கிறார்.

ஆட்களை நடத்தும் விதமும் இந்தத் தொழிலில் அடங்கும். 2017 பிப்ரவரியில், பாரிஸில் ஒரு பெரிய நிறுவனத்தின் தேர்வுக்கு வந்த 150-க்கும் மேற்பட்ட பெண்களை இருட்டுப் படிக்கட்டில் மணிக்கணக்கில் காக்க வைத்தார்கள் என்று அமெரிக்கக் காஸ்டிங் டைரக்டர் ஜேம்ஸ் ஸ்கல்லி பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். அதே ஆண்டு செப்டம்பரில் எல்விஎம்ஹெச், கெரிங் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் குழுமங்கள் சேர்ந்து மாடல்களுக்கான நடத்தை விதிகளை அறிவித்தன. பெரியவர்களின் உடைக்கு 16 வயதுக்குட்பட்டவர்களை எடுக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. நம் மலேசியாவில் 1966ஆம் ஆண்டுச் சிறுவர், இளையோர் வேலைச் சட்டம் 15 வயதுக்குட்பட்டவர்களைச் சிறுவர் என்கிறது. பொதுக் கேளிக்கைப் பணிக்கு அவர்களை அமர்த்த உரிமம் கேட்கிறது. பட்டுப்பாவாடைப் படத்துக்கு ஒரு குழந்தையை அழைப்பதற்கு முன், தொழிலாளர் துறையிடம் விசாரித்துக்கொள்வது நல்லது.

இத்தொழிலுக்கென்று தனிப் பட்டம் தேவையில்லை. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்தவர் உதவியாளராகத் தொடங்கலாம். பெயர்ப் பட்டியல், அளவுநாடா, கோப்புகளுக்குப் பெயரிடுவது, நாள் முழுதும் தொலைபேசி, புலனம் (வாட்ஸ்அப்) என்றுதான் வேலை தொடங்கும். பார்த்த முகத்தை மறக்காத கண்ணும், தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் பேசுகிற வாயும் இருந்தால் வேகமாக மேலே வரலாம். உண்மையையும் சொல்ல வேண்டும்: கோலாலம்பூரில் இதை மட்டுமே முழுநேரமாகச் செய்பவர்கள் குறைவு. பலர் ஸ்டைலிஸ்டாகவோ தயாரிப்பு மேலாளராகவோ இருந்துகொண்டுதான் செய்கிறார்கள். வருமானம் பண்டிகைக் காலத்தில் குவியும், மற்ற மாதங்களில் மெலியும்.

பெற்றோருக்கு ஒன்று. காஸ்டிங் செய்பவருக்குக் கூலி கொடுப்பது கடையோ நிறுவனமோதான். மாடலிடம் அவர் ஒரு காசும் வாங்கமாட்டார். போர்ட்ஃபோலியோ (படத் தொகுப்பு) கட்டணம், பதிவுக் கட்டணம் என்று பணம் கேட்டால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மகளை அனுப்புவதற்கு முன், எந்தக் கடைக்காக, எந்த முகவரியில், எத்தனை மணிக்கு, அறையில் வேறு யார் யார் இருப்பார்கள், துணைக்கு அம்மா வரலாமா என்று கேளுங்கள். முறையாகத் தொழில் செய்பவர் இவை எல்லாவற்றுக்கும் எழுத்திலேயே பதில் அனுப்புவார்.

இப்படிக்கு,
ஆடைத் துறையில் பணிபுரியும் வாசகர்கள்,
பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்.