கார்டு கொடுக்கும் சனிக்கிழமை: சேலம் தனியார் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர்களே, தலைமையாசிரியர்களே,

வணக்கம். காலாண்டு மதிப்பெண் கார்டு கொடுத்த சனிக்கிழமை நம் ஊர்ப் பள்ளி ஒன்றில் நடந்தது உங்கள் காதுக்கு வராமல் இருந்திருக்காது. எந்தப் பள்ளி, யார் பிள்ளை என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அந்தப் பிள்ளைக்குத்தான் இன்னொரு அவமானம். ஆசிரியர் குறைகளை வாசித்தார். அப்பா கை ஓங்கி அடித்தார். வரிசையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். பிறகு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைக்கும் பேச்சு அறுந்துபோன வீடுகளில் அதை மறுபடி ஒட்டவைக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையை நிற்கவைத்து, நாலு பேர் காதில் விழும்படி குறை வாசிப்பதை நிறுத்துங்கள்.

அடித்தது அப்பா, பள்ளி என்ன செய்யும் என்பீர்கள். அந்த அப்பா எப்படி வந்து நிற்கிறார் என்று கொஞ்சம் பாருங்கள். அம்மாபேட்டையிலோ குகையிலோ தறி ஓட்டுபவருக்குத் தறி நின்றால் கூலியும் நின்றது. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைப்பவருக்கும் செய்து கொடுத்த அளவுக்குத்தான் காசு. நீங்கள் குறித்த நேரமோ காலை 10 முதல் 12. இரவு ஷிப்ட் முடித்தவர் தூங்காமல் வருகிறார், பகல் ஷிப்ட்காரர் முதலாளியிடம் கெஞ்சிவிட்டு வருகிறார். டோக்கன் வாங்கி, மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்த பெஞ்சில் முழங்கால் இடிக்க ஒரு மணி நேரம் காத்திருக்கிறார். முறை வந்ததும் கிடைப்பது மூன்று நிமிடம். "கவனமே இல்லங்க, ஒரே சேட்டை, வீட்டுல நீங்க பாக்குறதே இல்லையா?"

அந்தக் கடைசிக் கேள்வியில்தான் கை ஓங்குகிறது. கணக்கில் வாங்கிய 34 அவரை அவ்வளவு சுட்டிருக்காது. தான் பொறுப்பான தகப்பன்தான் என்று உங்களுக்கும் வரிசையில் நிற்பவர்களுக்கும் காட்ட அவருக்கு அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை. அடித்தது சரி என்று சொல்லவில்லை. அந்த அடிக்கு மேடை போட்டுக் கொடுத்தது யார் என்று கேட்கிறோம்.

பிள்ளை பக்கம் நடப்பது வேறு. பயந்த பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும், வாய் உலரும், யோசனை ஓடாது. "ஏன் எழுதல, சொல்லு" என்றால் பதில் வராது. தரையைப் பார்த்து நிற்கும். அதைத் திமிர் என்கிறீர்கள். இன்னொரு அடி விழுகிறது. அடுத்த மாதம் அந்தப் பிள்ளை டைரியை ஒளிக்கிறது, அப்பா கையெழுத்தைத் தானே போடப் பழகுகிறது, கூட்டத்தன்று காலையில் வயிறு வலிக்கிறது என்கிறது. அது நடிப்பில்லை, பயத்தில் வயிறு உண்மையாகவே வலிக்கும். கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

சட்டம் உங்களுக்குத் தெரியாததல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்தே தடுக்கிறது. பிள்ளை பயமில்லாமல் தன் கருத்தைச் சொல்ல உதவ வேண்டும் என்கிறது 29ஆம் பிரிவு. பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட ரேங்க் அறிவிப்பதை அரசே 2017இல் கைவிட்டுவிட்டது. நாலாம் வகுப்பில் ரேங்க் வாசிக்க உங்களுக்கு மட்டும் என்ன அவசரமோ.

வேறு எப்படி நடத்துவது? பெரிய செலவு ஒன்றுமில்லை. ஒரு குடும்பத்துக்குப் பத்து நிமிடம் என்று நேரம் குறித்து முன்கூட்டியே சொல்லுங்கள். அதில் பாதி நேரங்கள் மாலை 6 மணிக்கு மேலோ ஞாயிறு காலையிலோ இருக்கட்டும். காத்திருப்பவர்கள் வராந்தாவில் இருக்கட்டும், கதவைச் சாத்துங்கள். நாற்காலி மூன்று போதாது, நான்கு போடுங்கள். நான்காவது பிள்ளைக்கு, அது உட்கார வேண்டும், அப்பா அம்மா பக்கத்தில். எதிரே உட்காரவைத்தால் விசாரணை மாதிரி ஆகிவிடும். முதலில் பிள்ளை பேசட்டும்: எது பிடிக்கிறது, எந்த இடத்தில் சிக்குகிறது. இரண்டு நாள் முன்பே கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கி வைத்தால் வாய் வராத பிள்ளையும் தப்பிக்கும்.

அடுத்து ஆசிரியர். "கவனம் இல்லை" என்பதை வைத்துக்கொண்டு வீட்டில் ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது. "இரண்டு இலக்கக் கழித்தலில் கடன் வாங்கிய பிறகு பத்தாம் இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்துவிடுகிறான்" என்றால் செய்யலாம். 52இல் 27 போனால் 35 என்று எழுதும் பிள்ளைக்கு எட்டுத் தீக்குச்சிக் கட்டும் பத்து நிமிடமும் போதும், கட்டுக்குப் பத்துக் குச்சி. ஒரு கூட்டத்துக்கு ஒரு சிக்கல் மட்டும். ஐந்தைச் சொன்னால் வீட்டில் ஐந்துக்கும் சேர்த்துத் திட்டு விழும். பிள்ளையின் நடத்தையைப் பற்றிக் கடுமையாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால், பெற்றோரைத் தனியே வைத்துச் சொல்லுங்கள்.

புறப்படும்போது பெற்றோர் கையில் தமிழில் அரைப் பக்கத் தாள் ஒன்று கொடுங்கள். அதில் இப்படி இருக்கட்டும்: பஸ்ஸில் போகும்போதே மார்க்கைப் பேச வேண்டாம். சாப்பிட்ட பிறகு பேசலாம். "ஏன்" என்று தொடங்கினால் பிள்ளை சாக்குத் தேடும், "எந்த இடத்துல கஷ்டமா இருக்கு" என்றால் புத்தகத்தைத் திறக்கும். ஏற்கெனவே அடித்துவிட்டவருக்கும் அதில் இரண்டு வரி வேண்டும்: அன்றே பக்கத்தில் உட்கார்ந்து, "அடிச்சது என் தப்பு" என்று சொல்லி அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீயும்" என்று நீட்டினால் சொன்னது வீண்.

ஏற்காட்டு விடுதிப் பள்ளிகளுக்கும் ஒரு வார்த்தை. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் தாய்க்கு முதல் அரை மணி நேரம் பிள்ளையோடு தனியாக வேண்டும். குறைப் பட்டியல் அதுவரை காத்திருக்கலாம், அது எங்கும் ஓடிவிடாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திப் பேச்சாளரை அழைத்து, "பிள்ளைகளிடம் அன்பாகப் பேசுங்கள்" என்று பெற்றோருக்கு ஒன்றரை மணி நேரம் வகுப்பெடுக்கிறீர்கள். முன்வரிசையில் உட்கார்ந்து நீங்களும் கைதட்டுகிறீர்கள். அடுத்த கார்டு நாளில் அதே ஹாலில், அதே மைக்கில், ஃபீஸ் பாக்கி வைத்த பிள்ளைகளின் பெயரை வாசிக்கிறீர்கள். ஓமலூர் மெயின் ரோட்டில் நீங்கள் கட்டும் ஃப்ளெக்ஸில் நூற்றுக்கு நூறு வாங்கிய முகங்கள் சிரிக்கின்றன; 34 வாங்கியவனிடமும் அதே ஃபீஸ்தானே வாங்கினீர்கள்?

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டோம். உங்கள் ஆசிரியர்கள் ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு படும் பாடும் எங்களுக்குத் தெரியும். அவர்களுக்கும் மூன்று நிமிடத்தில் பேசி முடிக்கும் நெருக்கடியைக் கொடுத்தது நீங்கள் போட்ட அட்டவணைதான்.

ஆகவே பணிவோடு மறுபடி கேட்கிறோம். பிள்ளையை நிற்கவைத்துக் குறை வாசிக்காதீர்கள். அரையாண்டுக் கார்டு கொடுக்கும் நாளிலிருந்தே தொடங்கலாம். எல்லா வகுப்புக்கும் ஒரேயடியாக முடியாதென்றால் ஒன்று முதல் ஐந்து வரை மட்டும் இந்த முறை செய்து பாருங்கள். அந்த அரைப் பக்கத் தாளை எழுதித் தரவும், ஆசிரியர்களோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசவும் நாங்கள் கட்டணமின்றி வருகிறோம். அரையாண்டுத் தேர்வு அட்டவணையை அனுப்பும்போதே, கூட்டத்தை எந்த முறையில் நடத்தப் போகிறீர்கள் என்பதையும் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெற்றோர் வழிகாட்டுநர்கள் சிலர்,
சேலம்.