வெற்றுக் கட்டமும் பேசும்

தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்

அன்புள்ள மக்களே,

வார இதழின் குறுக்கெழுத்துப் புதிரில் பாதிக் கட்டங்கள் நிரம்பாமலே நின்றுவிடுகின்றன என்றும், தமிழ்ச் சொல்வளம் போதாததே அதற்குக் காரணம் என்றும் புனேயிலிருந்து எழுதியிருந்தாய். அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நீ குறிப்பை மட்டுமே திரும்பத் திரும்பப் படிக்கிறாய், கட்டங்களைப் படிப்பதில்லை. எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து வரலாம் என்பதை அறிந்தவருக்கு வெற்றுக் கட்டமும் பாதி விடையைச் சொல்லிவிடும் என்பதை, பல காலம் பள்ளியில் இலக்கணம் நடத்தியவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

ஆர்தர் வின் 1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்ட்' நாளிதழில் வெளியிட்ட முதல் புதிர் 26 எழுத்துகளை நம்பி எழுந்தது. நமக்கோ 247 எழுத்துகள். அதனால் குறுக்கே கிடைக்கும் ஒரே எழுத்து நமக்குத் தரும் துப்பு மிகப் பெரியது. மூன்றெழுத்துச் சொல்லின் முடிவில் 'ழை' கிடைத்துவிட்டால் எத்தனை சொற்களைத்தான் தேடப் போகிறாய்?

புள்ளி எழுத்துகளை நீ பொருட்படுத்துவதே இல்லை என்பது நீ அனுப்பிய படத்திலேயே தெரிந்தது. க், ச், த், ப் ஆகிய நான்கும் தமிழ்ச் சொல்லில் தம் இனத்தோடு மட்டுமே சேரும் என்று தொல்காப்பியத்தின் நூன்மரபு என்ற இயல் வகுத்திருக்கிறது. ஆகவே ஒரு கட்டத்தில் 'ப்' விழுந்தால் அடுத்த கட்டத்தில் ப, பா, பி, பு என்ற வரிசைதான் வர வேண்டும். பக்தி, சப்தம் போன்ற வடசொற்களே இதற்கு விலக்கு. ர், ழ் இரண்டும் ஒருபோதும் இரட்டிக்கமாட்டா. 'ங்' வந்தால் அடுத்தது பெரும்பாலும் ககர வரிசை; அங்ஙனம், இங்ஙனம் போன்ற சில சொற்களே விலக்கு. மேலிருந்து கீழாக ஒரு சொல் தொடங்கும் கட்டத்தின் வழியே இடமிருந்து வலமாக வேறொரு சொல் செல்லுமானால், அந்தக் கட்டத்தில் புள்ளி எழுத்து வரவே முடியாது. ஏனெனில் புள்ளி எழுத்தில் தமிழ்ச் சொல் தொடங்குவதில்லை. வல்லினப் புள்ளியில் தமிழ்ச் சொல் முடிவதும் இல்லை. இவற்றைப் பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டு ஒரு மாதம் பழகு. பிறகு கை தானாகவே எழுதும்.

அதன் பின்னரே சொல்வளம். கடல் என்று குறிப்பிருந்தால் கட்டங்களை எண்ணிவிட்டு யோசி: இரண்டு என்றால் ஆழி, மூன்று என்றால் பரவை, நான்கு என்றால் முந்நீர், ஆறு என்றால் சமுத்திரம். குதிரைக்குப் பரி, யானைக்குக் கரி என்ற சிறு சொற்களைப் புதிர் அமைப்பவர்கள் விரும்பி எடுப்பார்கள். சின்னக் கட்டங்களை நிரப்ப அவர்களுக்கும் வேறு வழியில்லை.

பூடகமான குறிப்புகளைக் கண்டால் அஞ்சுவதாக எழுதியிருந்தாய். எனக்கு மிகவும் பிடித்தவை அவைதான். அத்தகைய குறிப்பில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும்: ஒன்று விடையின் பொருள், மற்றொன்று விடையைக் கட்டும் முறை. 'தலையும் வனமும் சேருமிடத்தில் மாசிக்கொடை (6)' என்று நானே ஒன்று அமைத்திருக்கிறேன். அடைப்புக்குள் இருப்பது கட்டங்களின் எண்ணிக்கை. தலை என்றால் மண்டை, வனம் என்றால் காடு, நடுவே சேரும் ஒற்று 'க்'; மாசிக்கொடை என்னும் கோயில் திருவிழா நடக்கும் நம் ஊர்ப்பக்கத்து மண்டைக்காடு. வாசிக்கும்போது மனத்தில் எழும் காட்சியை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று கேட்க வேண்டும். 'தலை போன', 'கடை இழந்த' என்றால் முதல் அல்லது இறுதி எழுத்தை நீக்கு. 'தாமரையின் தலை போனால் மான்' என்றால் மரை. 'கலைந்த', 'குழம்பிய' என்றால் எழுத்துகள் இடம் மாறியுள்ளன. 'திரும்பிய' என்றால் வலமிருந்து இடமாகப் படி.

விடைப்பக்கத்தை உடனே திருப்பாதே, மக்களே. தெரியாத கட்டத்தை ஒருநாள் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பார். விடையைக் கண்ட பிறகும் அந்தக் குறிப்பு எப்படி அந்த விடையைத் தந்தது என்று விளங்கும்வரை அடுத்த புதிருக்குப் போகாதே. விளங்காதவற்றை எனக்கு எழுது; சேர்ந்து அவிழ்ப்போம்.

இப்போதைக்கு ஒன்று: 'நம் மாவட்டத்துப் பூச்சந்தையின் தலை போனால் மீன் (2)'. விடையை அடுத்த கடிதத்தில் எதிர்பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா