டோனாவூர் அம்மாவும் உன் கேள்வியும்

அன்புள்ள நண்பனுக்கு, தோத்திரம்.

உன் கடிதம் கிடைத்தது. மதினி இடது கைவிரல்களை லேசாக அசைக்கிறார்கள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் சுகம். அறுப்பின் பண்டிகை முடிந்தது. ஏலத்தில் ஒரு பூசணிக்காய்க்கு மச்சானும் மைத்துனனும் போட்டி போட்டு, கடைசியில் அது ஆட்டுக்கிடா விலைக்குப் போனது. சபைக்கு நல்ல வரவு. அந்த இரண்டு பேருக்கும்தான் இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். 'வாழ்நாளெல்லாம் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவளுக்கு ஏன் பக்கவாதம்? நீ உபதேசியார் மகன்தானே, சொல்லு' என்று கேட்டிருக்கிறாய். தெரியாது வே. உபதேசியார் உயிரோடு இருந்தாலும் அவருக்கும் தெரிந்திருக்காது. பார்க்க வருகிறவர்களில் ஒருவர் சோதனை என்கிறார், இன்னொருவர் சிட்சை என்கிறார், மூன்றாமவர் பெரிய சாட்சியாக எழுப்பப் போகிறார் என்கிறார். இவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்து அனுப்பிவிடு. உட்கார்ந்து வாதாடாதே.

சமீபத்தில் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டோனாவூர் போயிருந்தேன். அயர்லாந்திலிருந்து வந்து அங்கே பிள்ளைகளைக் காத்து வளர்த்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவின் அடக்க இடத்தில் கல்லறைக்கல் கிடையாது. அவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் இருக்கிறது. சின்னவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவரைப் பற்றி நம் ஓய்வுநாள் பள்ளியில் எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது நீலக் கண் வேண்டும் என்று ஜெபித்தார், விடிந்து கண்ணாடியைப் பார்த்தால் பழுப்புக் கண்ணே இருந்தது. பிற்பாடு சேலை கட்டிக்கொண்டு, கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த பெண்குழந்தைகளைத் தேடிப் போனபோது, அந்தப் பழுப்புக் கண்தான் அவரை வெள்ளைக்காரி என்று காட்டிக்கொடுக்காமல் காத்தது. நல்ல கதைதான். கேட்டதற்கு ஏன் கிடைக்கவில்லை என்று கடைசியில் தெரிந்துவிடுகிறது. பிள்ளைகளுக்குச் சொல்ல வசதி.

களக்காட்டுக் கதையை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1931 அக்டோபர் 24. உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய எதுவானாலும் என்னில் செய்யும் என்று அன்று காலையில்தான் ஜெபித்தார் என்கிறார்கள். சாயங்காலம் களக்காட்டில் மருந்து கொடுக்க வாடகைக்குப் பிடித்த வீட்டைப் பார்க்கப் போனார். கக்கூசுக்குத் தோண்டிப் போட்டிருந்த குழி மங்கிய வெளிச்சத்தில் தெரியவில்லை. விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகும் போயிற்று. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்போது அவருக்கு 63 வயது. அதன்பின் 1951 ஜனவரியில் கண்மூடும்வரை பெரும்பாலும் அந்த ஓர் அறையும் கட்டிலும்தான். போதாததற்கு 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார்.

படுக்கையில் கிடந்ததால்தானே அத்தனை புத்தகங்கள் எழுதினார், அதற்காகத்தான் தேவன் அனுமதித்தார் என்பார்கள். எனக்கு இது ஒட்டவில்லை. எழுந்து நடமாடிய காலத்திலும் அவர் எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஒரு கிழவியின் முதுகை உடைத்துத்தான் புத்தகம் வாங்க வேண்டும் என்றால், அப்படிப்பட்ட தேவனை நான் கும்பிடமாட்டேன். புத்தகங்கள் வந்தன, வலியும் இருந்தது. ஒன்றுக்காக மற்றொன்று என்று கணக்கு எழுதுகிறவர்கள் நாம்தான். அவரோ காரணம் தெரியாமலே, பிள்ளைகள் ஒவ்வொருவராக அறைக்கு வர, அவர்களோடு பேசி, சிரித்து, ஜெபித்து அந்த வருஷங்களை ஓட்டினார்.

வேதாகமத்தில் யோபுவின் புத்தகத்தை மறுபடி எடுத்துப் பார், நீதிமானாயிருந்தும் எல்லாவற்றையும் இழந்தவன் அவன். பரலோகத்தில் சாத்தான் வந்து நின்ற சங்கதி முதல் இரண்டு அதிகாரத்திலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. யோபுக்கோ கடைசி 42-ஆம் அதிகாரம் வரைக்கும் அதை யாரும் சொல்லவே இல்லை. பெருங்காற்றிலிருந்து பேசின தேவன் பூமிக்கு அஸ்திபாரம் போட்டது யார், வரையாடு எப்போது குட்டி போடும் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறார். யோபு கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. ஆனால் கடைசியில் தேவன் கோபப்படுவது யார்மேல்? விளக்கம் சொன்ன சிநேகிதர்கள்மேல். தன் பிறந்த நாளைச் சபித்து, முகத்துக்கு நேரே வழக்காடினவனைத்தான் சரியாகப் பேசினான் என்கிறார். அந்தச் சிநேகிதர்களும் முதல் ஏழு நாள் வாயைத் திறக்காமல் தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

ராத்திரி ஜெபத்தில் தேவனோடு சண்டை போடுகிறேன், அது அவிசுவாசமா என்று கேட்டிருக்கிறாய். இல்லை என்றுதான் நினைக்கிறேன். தான் நம்பாத ஒருவரிடம் போய் யாராவது நியாயம் கேட்பார்களா? போடு சண்டை. மதினி காதில் மட்டும் விழாமல் பார்த்துக்கொள்.

அப்புறம், வருகிற வாரம் நான் அங்கே வருகிறேன். பிசியோதெரபிக்காரப் பெண் வராத நாள் எது என்று எழுது, அன்றைக்கே வந்தால் கைகால் நீட்டி மடக்க நானும் ஒரு கை பிடிப்பேன். உடன்குடிக் கருப்பட்டி வாங்கி வைத்திருக்கிறேன். மதினிக்குக் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டு வை. கூடாது என்றால் நாம் இரண்டு பேரும் முடித்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் கூட்டாளி